விலை சொல்லப் பழகட்டும்: டெல்டாப் பிள்ளைகளுக்கு எட்டு வார வியாபாரப் பயிற்சி

எங்கள் பக்கத்தில் நெல் விளைவிக்கத் தெரியாத வீடு குறைவு. விளைந்ததற்குத் தானே விலை சொன்ன வீடு அதைவிடக் குறைவு. களத்துமேட்டில் வியாபாரி வந்து நின்றால், "என்ன விலைக்கு எடுத்துக்குவீங்க?" என்று கேட்பது நாம்தான். கொள்முதல் நிலையத்தில் அரசாங்கம் முன்பே விலையைச் சொல்லிவிடுகிறது. வாழைத்தாருக்கு ஏலம், வெற்றிலைக்கு அன்றைய கவுளி (வெற்றிலைக் கட்டு) விலை. எல்லாமே எதிரில் நிற்பவர் சொல்லி நாம் தலையாட்டுவது. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் "ஒரு தொழில் ஆரம்பி, பார்ப்போம்" என்றால் பெயர் யோசிக்கிறது, லோகோ வரைகிறது, இன்ஸ்டாகிராமில் பக்கம் திறக்கிறது. "எவ்வளவுக்கு விற்பாய்?" என்று கேட்டால் மட்டும் அப்பா முகத்தைப் பார்க்கிறது.

பாபநாசம் பக்கத்தில் சின்னதாக அரிசி, பருப்புக் கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களாகக் கோடை விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து வியாபாரம் பழக்கிவருகிறேன். நீங்கள் ஆசிரியரோ, நூலகரோ, மகளிர் குழுவில் இருப்பவரோ, வேலைக்குப் போய்விட்டு விடுமுறைக்கு வந்த அண்ணனோ அக்காவோ, யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம். வியாபாரி ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. தோற்றுப்போன வியாபாரி என்றால் இன்னும் நல்லது.

ஆள், நாள், பணம்

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். 14 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்காதீர்கள். கற்றுக்கொடுக்கிறோம் என்று நாம் நினைப்பது வெளியே இருந்து பார்ப்பவருக்கு வேலை வாங்குவதாகத் தெரியும், சட்டத்துக்கும் அப்படித் தெரியலாம். பத்தாம் வகுப்புப் பையனும் கல்லூரி முதல் வருடப் பெண்ணும் ஒரே குழுவில் இருக்கட்டும். பெரியவள் கணக்கு எழுதுவாள், சின்னவன் கூச்சமில்லாமல் கூவி விற்பான்.

சித்திரை பிறந்த மறுவாரம் தொடங்குங்கள். சம்பா நெல் அறுத்த வயலில் தெளித்த உளுந்தும் பயறும் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கும். பள்ளிக்கூடமும் விட்டிருக்கும், காயவைக்க வெயிலும் இருக்கும். இதையே ஐப்பசியில் செய்தால் மழை எல்லாவற்றையும் ஊறவைத்துவிடும். ஒரு தடவை செய்துபார்த்து அவலில் பூஞ்சணம் பூத்த பிறகு எனக்கு வந்த புத்தி இது.

வியாபாரத்துக்குப் போடும் முதல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். ஆளுக்கு 300 ரூபாய், எட்டுப் பேருக்கு 2,400. தொலைந்தால் வலிக்கும், வீடு முழுகிவிடாது. சிலருக்கு 300 ரூபாயே பெரிது, அவர்களுக்குத் தவணை கொடுங்கள். ஆனால் நீங்கள் போடாதீர்கள். அடுத்தவர் காசில் கற்றுக்கொண்ட வியாபாரம் அடுத்தவர் காசோடு முடிந்துவிடும்.

முதல் வாரம்: விற்காதே, எண்ணு

முதல் வாரம் எதையும் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. ஆளுக்கு ஒரு நோட்டு, பேனா. திருநாகேஸ்வரம் ராகு கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள். ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. நாலு மணிக்கே வாசலில் இரண்டு பேரை நிறுத்தி, உள்ளே போகிறவர்களை எண்ணச் சொல்லுங்கள். மற்றவர்கள் கடைகளுக்கு எதிரே நின்று, எத்தனை பேர் பார்க்கிறார்கள், எத்தனை பேர் கையில் எடுக்கிறார்கள், எத்தனை பேர் காசு கொடுக்கிறார்கள் என்று மூன்று கோடாகப் போடட்டும். ஆலங்குடி உங்களுக்குக் கிட்டே என்றால் வியாழக்கிழமை அங்கே போகலாம். கோயில் வேண்டாமென்றால் பேருந்து நிலையமே போதும்.

இதில் பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்லும் விஷயங்கள் சுவாரசியமானவை. கூட்டம் இருக்கும் நேரமும் வியாபாரம் நடக்கும் நேரமும் ஒன்றில்லை, தரிசனம் முடித்து வெளியே வரும்போதுதான் கை பையைத் தேடுகிறது என்று ஒரு பெண் எழுதிவைத்திருந்தாள். வேன் டிரைவர் எந்தக் கடை எதிரே நிறுத்துகிறாரோ அந்தக் கடையில்தான் டீ விற்கிறது என்றான் இன்னொருவன். நான் இருபது வருடம் கழித்துக் கற்றுக்கொண்டது அது. கும்பகோணத்துப் பிள்ளைகள் 2028 மகாமகத்தை மனதில் வைத்து இப்போதே எண்ணப் பழகலாம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கூட்டத்தை அன்றைக்குப் போய் எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாவது, மூன்றாவது வாரம்: அடக்க விலை

இந்தப் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

நான் எப்போதும் உளுந்தில்தான் தொடங்குவேன். ஊரில் விளைவது, எல்லா வீட்டிலும் தேவைப்படுவது, ஒரே நாளில் கெடாதது. வெற்றிலை, வாழை இலை, மீன் எல்லாம் இரண்டாவது வருடத்துக்கு. நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் கருவாட்டில் இறங்க ஆசைப்படுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதே கோடையில் சரக்குக்கு எங்கே போவது என்று முதலில் கேளுங்கள்.

கீழே வருவது கணக்குப் போடும் விதத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தெரிந்த விவசாயியிடம் 20 கிலோ உளுந்து, கிலோ 90 ரூபாய் வீதம் 1,800. மில்லில் உடைகூலி 100. கல், தூசி, குருணை போக 18 கிலோ தோல் உளுந்து தேறும், அரைக் கிலோ வீதம் 36 பாக்கெட். பை ஒன்றுக்கு 2 ரூபாய், 72. லேபிள் ஒன்றுக்கு 1 ரூபாய், 36. பஸ், பெட்ரோல் 150.

இதை எழுதிப்போடும் முன்னாலேயே, "அரைக் கிலோ எவ்வளவுக்கு விற்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். கிலோ 90, அரைக் கிலோ 45, அஞ்சு ரூபாய் லாபம் வைத்து 50 என்று ஒரே குரலில் பதில் வரும். கரும்பலகையில் 50 என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டுவிட்டு, மேலே உள்ள செலவை ஒவ்வொன்றாகக் கூட்டச் சொல்லுங்கள். 2,158 வரும். 36-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 60. வட்டத்துக்குள் இருக்கும் 50-ஐப் பார்த்து யாராவது ஒருவர் சிரிப்பார். பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் கையை விட்டுப் போகிறது. 20 கிலோ வாங்கியதில் 18 கிலோதான் விற்க முடியும் என்பதை மறப்பது பிள்ளைகள் மட்டுமில்லை.

அடுத்த கேள்விதான் கடினம். உங்கள் கூலி எங்கே? புடைத்து, காயவைத்து, எடைபோட்டு, ஒட்டி முடிக்க எட்டுப் பேரும் சேர்ந்து 18 மணி நேரம் ஆனது என்றால், மணிக்கு 30 ரூபாய் போட்டாலும் 540. பாக்கெட்டுக்கு 15. அடக்க விலை 75. "நம்ம வேலைக்கு நாமே கூலி போடறதா?" என்பார்கள். சொந்த வயலில் இறங்கி வேலை பார்ப்பதற்கு வீட்டில் யாரும் கூலி எழுதியதில்லை, அதனால்தான் அந்தக் கேள்வி. வருடாவருடம் நெல்லில் லாபம் வந்ததா இல்லையா என்று நம்மால் சொல்ல முடியாததற்கும் அதுதான் காரணம்.

75 அடக்கம் என்று தெரிந்ததும் பயம் வரும். கடைத்தெருவில் அதே அரைக் கிலோ 70 ரூபாய்க்குக் கிடைக்கிறதே! இங்கே நீங்கள் பதில் சொல்லாதீர்கள். கடையில் வாங்கிய பாக்கெட்டையும் அவர்கள் பாக்கெட்டையும் இரண்டு தாம்பாளத்தில் கொட்டிவையுங்கள். இந்த வருடத்துச் சரக்கு, எந்த ஊர் வயல் என்று சொல்ல முடியும், கல் இல்லை, ஊறவைத்து அரைத்தால் மாவு எவ்வளவு காண்கிறது என்று அம்மாவிடம் கேட்டு எழுதலாம். இவ்வளவு இருக்கிறதென்றால் 80 சொல்லலாம். இல்லையென்றால் இந்தச் சரக்கை எடுக்கவே கூடாது. 80 ரூபாய் என்பதை ஒவ்வொருவரும் கண்ணைப் பார்த்து, குரல் இறங்காமல், "வேணும்னா குறைச்சுத் தர்றேன்" என்று தானே சேர்க்காமல் பத்துத் தடவை சொல்லிப் பழக வேண்டும். விளையாட்டு மாதிரித்தான் இருக்கும். எட்டில் ஆறு பேரால் முதல் நாள் முடியாது.

நான்காவது வாரம்: போணி

சொந்தக்காரருக்கு விற்கக்கூடாது என்பது முதல் விதி. அத்தையும் சித்தப்பாவும் பிள்ளை முகத்துக்காக வாங்குவார்கள், உளுந்துக்காக இல்லை. அறிமுகம் இல்லாத தெருவிலோ, பக்கத்து டவுனிலோ போய் நிற்கட்டும். இருவர் இருவராக அனுப்புங்கள். எடைக்கு முத்திரையிட்ட தராசை யாராவது கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அரைக் கிலோ என்றால் 500 கிராம், 490 இல்லை. கொசுறு கொடுப்பது அவரவர் விருப்பம், ஆனால் அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இரண்டாவது விதி உங்களுக்கு. மிஞ்சியதை நீங்கள் வாங்காதீர்கள். முதல் வருடம் நான் அந்தத் தப்பைச் செய்தேன். மேலே போட்ட எண்களிலேயே சொல்கிறேன். நேராக விற்றது 22 பாக்கெட், 1,760 ரூபாய். ஒரு மளிகைக்கடையில் 15 சதவீதக் கமிஷனுக்குப் பத்துப் பாக்கெட், கைக்கு வந்தது 680. மொத்தம் 2,440. மிச்சம் நாலு பாக்கெட். பிள்ளைகள் முகம் வாடியிருந்தது, நானே 320 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டேன். அன்று இரவு கணக்கைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கைக்காசுச் செலவு 2,158, கூலி 540, இரண்டும் போக நாலு பாக்கெட்டும் விற்றிருந்தால்தான் லாபம், அதுவும் 62 ரூபாய். அவர்களுடைய முழு லாபமும் அந்தக் கடைசி நாலு பாக்கெட்டில் இருந்தது. அதை எப்படி விற்பது என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் நான் பையைத் திறந்துவிட்டேன். "ஜெயிச்சுட்டோம்" என்று நினைத்து மறுவாரம் 40 கிலோ வாங்கினார்கள். பாதிக்கு மேல் தேங்கி வண்டு விழுந்தது.

பாக்கி என்னும் பாடம்

ஐந்தாவது வாரத்துக்குள் யாராவது ஒருவர், "அறுப்பு முடிஞ்சு தர்றேன், தம்பி" என்று ஐந்து பாக்கெட் எடுத்துக்கொள்வார். அப்போது இந்தப் பாடத்தை எடுங்கள்.

டெல்டாவில் பணம் தண்ணீர் மாதிரி, முறை வைத்துத்தான் வரும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. சில வருடம் முந்தும், சில வருடம் பிந்தும். ஆனால் நம் கடைத்தெருவின் வருடம் அந்தத் தேதியை ஒட்டித்தான் பிறக்கிறது. ஆனி, ஆடியில் விதை, உழவு, நடவு, பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்து நகை அடகுக்குப் போகும். குறுவை நெல்லை அறுத்துத் தீபாவளிக்குள் கொஞ்சம் காசு புழங்கும். பிறகு மழை, வெள்ளம் என்று கை இறுகும். தை, மாசியில் சம்பா, தாளடி அறுப்பு. பங்குனி, சித்திரையில் உளுந்துக் காசு. சித்திரையில் "அறுப்புக்குத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் எந்த அறுப்பு என்று கேட்கத் தெரிய வேண்டும். குறுவை என்றால் புரட்டாசி, சம்பா என்றால் அடுத்த தை.

ஒரு சார்ட் பேப்பரில் பன்னிரண்டு தமிழ் மாதத்தையும் எழுதி, பணம் வருவது, பணம் போவது, சரக்குக் கிடைப்பது, மழை என நாலு வரிசையைப் பிள்ளைகளை விட்டே நிரப்பச் சொல்லுங்கள். அவரவர் வீட்டில் தாத்தாவைக் கேட்டுத்தான் நிரப்ப முடியும், அந்தப் பேச்சே பாதிப் படிப்பு. பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் தென்னை என்பதால் அவர்கள் சார்ட் வேறு மாதிரி இருக்கும். அங்கே மாதாமாதம் காய் இறங்கும், ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதும் அந்தச் சார்ட்டில் ஏற வேண்டிய விஷயம்தான்.

கடனே கொடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன், நம் ஊரில் அது நடக்காது. பெயர், தேதி, தொகை, தருவதாகச் சொன்ன நாள் நாலையும் அவர் எதிரிலேயே நோட்டில் எழுத வேண்டும். எழுதும்போதே பாதிப் பேர் பையிலிருந்து காசை எடுத்துவிடுவார்கள். பணம் கைக்கு வரும்வரை அது விற்பனைக் கணக்கில் ஏறக்கூடாது.

நோட்டு

ஒரே நோட்டு, இரண்டு பக்கம், இடது வரவு, வலது செலவு. ஜிபேயில் வந்த பணமும் அன்றைக்கே ஏற வேண்டும், போனில்தான் இருக்கிறதே என்று விடக்கூடாது. வீட்டுச் செலவுக்கு இதிலிருந்து பத்து ரூபாய் எடுத்தாலும் எழுத வேண்டும். தினமும் இரவு கையிருப்பை எண்ணி நோட்டோடு ஒப்பிட வேண்டும். இதற்கு மேல் செயலி, எக்செல் எதுவும் முதல் வருடத்துக்குத் தேவையில்லை.

ஆறாவது வாரம்: பட்டறைகளுக்குப் போய்வாருங்கள்

"நம்ம ஊர்ல என்ன தொழில் இருக்கு, திருப்பூர் போனாத்தான்" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். வாதம் செய்யாமல் பஸ் ஏற்றுங்கள்.

சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதியிடம் ஏன் முன்பணம் வாங்குகிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள். ஒரு அச்சு ஒரே சிலைக்கு. ஆர்டர் கொடுத்தவர் வராமல் போனால் அந்த உழைப்பை இன்னொருவருக்கு அப்படியே திருப்பிவிட முடியாது. அப்படிப்பட்ட சரக்குக்கு முன்பணம் இல்லாமல் கை வைக்கக்கூடாது என்பது பிள்ளைகளுக்கு அங்கே நின்றால் தானே புரியும். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கைக் கழற்றிப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாகம் பாகமாகச் செய்து மரை போட்டு இணைப்பதால் ஆள் உயர விளக்கும் மூட்டையாகிப் பஸ்ஸில் போகும். பொருளைச் செய்யும்போதே அது எப்படிப் பயணம் போகும் என்று யோசித்தவர்கள் அவர்கள். திருபுவனத்தில் நெசவுக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரே கேள்வி போதும். நூல் யாருடையது, கூலி யாருக்கு, விற்பனை யார் பொறுப்பு?

திரும்பிவரும் வழியில் இதையும் சொல்லிவிடுங்கள். 1904-ல் கும்பகோணத்தில் கும்பகோணம் பேங்க் என்று தொடங்கியதுதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி.

காகிதங்கள்

18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆகவே கடை வாடகை, பதிவு, கடன் எதுவானாலும் பெரியவர் பெயரில்தான். ஆனால் சேமிப்புக் கணக்கு வேறு. ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட விதிப்படி, 10 வயது நிறைந்தவர், வங்கி வைக்கும் வரம்புக்குள், தானே கணக்குத் தொடங்கி நடத்தலாம். குழுவுக்கு ஒரு கணக்கு என்று குழப்பிக்கொள்ளாமல், ஆளுக்கு ஒரு கணக்கு தொடங்கவையுங்கள்.

உண்ணும் பொருள் எதை விற்றாலும், வீட்டில் செய்தாலும், போணிக்கு முன்பே எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். சிறிய அளவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். கூடவே பொருளின் பெயர், எடை, பேக் செய்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், அதிகபட்ச விலை, முகவரி, சைவப் பொருளுக்கான பச்சைப் புள்ளி. "சர்க்கரை நோய் தீரும்" மாதிரியான வாசகங்களைப் பிள்ளைகள் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டுவார்கள், கிழித்துப் போடுங்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கிறவர் ஏஜென்ட், அரசாங்கம் இல்லை.

உளுந்தைத் தாண்டி மாவு, அவல், சிப்ஸ் என்று போக நினைப்பவர்களுக்குத் தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனத்தில் பயிற்சியும் பரிசோதனைக்கூடமும் இருக்கின்றன. நீடாமங்கலத்திலும் நாகப்பட்டினம் பக்கத்துச் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உண்டு. 18 முடிந்தவர்களுக்குக் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களில் பயிற்சி இலவசம், சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து.

கடன், மானியம்: 18 ஆனவர்களுக்கு மட்டும்

மானியம் என்ற சொல் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைவிட அப்பாக்களைத்தான் அதிகம் மயக்குகிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் 2 லட்சம் ரூபாய்த் திட்டம், பொதுப்பிரிவு என்றால் சொந்தப் பணம் 10 சதவீதம், அதாவது 20,000. மீதி 1,80,000 வங்கிக் கடன். மானியம் 25 சதவீதம், 50,000. பெண்கள், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்குச் சொந்தப் பணம் 5, மானியம் 35 சதவீதம். ஆனால் அந்த 50,000 கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் நடந்துகொண்டிருந்தால் கடனில் கழிக்கப்படும். ஆக, முதல் மாதத் தவணையை உளுந்து விற்றுத்தான் கட்ட வேண்டும்.

புதுத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ், வேலையில்லா இளைஞர்களுக்கான யுஒய்இஜிபி என்று மாநில அரசின் திட்டங்களும் உண்டு. வரம்புகள் அவ்வப்போது மாறுவதால் எதற்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய் நடப்பு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையே போய்க் கேட்கட்டும், நீங்கள் வெளியே டீக்கடையில் இருங்கள். வங்கி மேலாளர் எதிரில் உட்கார்ந்து தன் அடக்க விலையைச் சொல்லத் தெரியாதவன் கடனுக்கு இன்னும் தயாராகவில்லை.

எட்டாவது வாரம்

சரக்கை முடித்து, பாக்கியை வசூலித்து, நோட்டை மூடுங்கள். போட்ட முதலை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்து, கூலியை வேலை பார்த்த மணிக்கணக்குப்படி பிரித்து, மிஞ்சிய லாபத்தைச் சமமாகப் பங்கிடச் சொல்லுங்கள். சண்டை வரும். கடையில் நின்றவனும் வீட்டில் உட்கார்ந்து லேபிள் ஒட்டியவளும் ஒன்றா என்று கேள்வி எழும். அதை அவர்களே பேசித் தீர்க்கட்டும், தீர்த்ததை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அடுத்த வருடம் குழு சேரும்போது பங்கு எப்படி என்று முதல் நாளே பேசிவிடுவார்கள்.

எட்டுப் பேரில் இரண்டு மூன்று பேர் "எனக்கு இது ஒத்துவராது" என்பார்கள். நல்லது, 300 ரூபாயில் தெரிந்துகொண்டார்கள். போன சித்திரையில் அப்படிச் சொன்ன ஒரு பையன், தை மாதம் அவன் வீட்டுக் களத்தில் வியாபாரி வந்து நின்றபோது, அப்பா வாய் திறக்கும் முன் தன் நோட்டை எடுத்துவந்து மூட்டைக்கு இவ்வளவு அடக்கம், இதற்குக் கீழே தர மாட்டோம் என்றானாம். வியாபாரி அன்று சரக்கை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தார். விலை படிந்ததா என்று நான் கேட்டேன். "பாதிக்குப் பாதி" என்றார் அவன் அப்பா, நோட்டை மகனிடமே கொடுத்துக்கொண்டு.